திரைவாசிப்பான்களும் தமிழும்: கேள்வி பதில்

பார்வையற்றோர் கணினியில் பயன்படுத்தும் கட்டற்ற (எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய) மென்பொருள்கள் பற்றி மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் உள்ளவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அவற்றின் தமிழ்ப் பகுதிகளில் பங்களித்துவரும் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (திருமங்கலம், கல்லூரி மாணவி): ஐயா, நாங்கள் நால்வர் சேர்ந்து இறுதியாண்டுத் திட்டப்பணியாகத் தமிழுக்கென்றே ஒரு திரைவாசிப்பானை உருவாக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: உங்கள் எண்ணம் மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். திரைவாசிப்பான் திரையைப் படமாகப் பார்த்து வாசிப்பதில்லை. பயனாளர் நிற்கும் இடத்தில் இருப்பது பொத்தானா, பட்டியலா, அதன் பெயர் என்ன, அது தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று இயங்குதளத்திடம் கேட்டுப் பெற்று, கிடைத்த விடையைப் பேச்சாகவோ பிரெய்லாகவோ தருகிறது. உலாவி, சொற்செயலி, விரிதாள் என ஒவ்வொன்றும் இந்த விவரங்களை ஒவ்வொரு விதமாகத் தருவதால், அத்தனைக்கும் ஈடுகொடுப்பது பல ஆண்டு உழைப்பு. விண்டோஸுக்கான என்விடிஏ (NVDA) என்னும் திரைவாசிப்பானை 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கினார். ஜேம்ஸ் டே பின்னர் அவருடன் இணைந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். பெரும்பகுதி பைத்தானில் எழுதப்பட்ட அதன் மூலநிரல் ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தின்கீழ் எவருக்கும் கிடைக்கிறது. லினக்ஸில் ஆர்கா என்னும் திரைவாசிப்பான் இருக்கிறது.

நீங்கள் சில மாதங்களில் எழுதும் திரைவாசிப்பான் வாய்மொழித் தேர்வோடு நின்றுபோகும். அடுத்த விண்டோஸ் மேம்பாட்டில் அது பழுதானால் சரிசெய்ய ஆள் இருக்காது. அதே உழைப்பில் என்விடிஏவுக்கு ஒரு நீட்சியை (அதனுடன் இணைந்து கூடுதல் வசதி தரும் சிறு நிரலை) எழுதினால், அது நாளையே ஒருவர் கைக்குப் போய்ச் சேரும். எந்த நீட்சி என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சுந்தரராஜன்பட்டியில் உள்ள இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற அமைப்பில் முன்கூட்டியே அனுமதி பெற்று, அன்றாடம் கணினியில் வேலை செய்பவர் அருகில் ஒரு பிற்பகல் முழுவதும் பேசாமல் அமர்ந்து கவனியுங்கள். அவர் எங்கே ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறாரோ, அங்கேதான் உங்கள் திட்டப்பணி இருக்கிறது.

கேள்வி (மேலூர், பார்வையற்ற பள்ளி ஆசிரியர்): திரைவாசிப்பானுக்குப் பேச்சொலி தரும் ஈஸ்பீக் மென்பொருளின் குரலில் பெயர்களும் தமிழில் எழுதிய ஆங்கிலச் சொற்களும் பிறழ்ந்து ஒலிக்கின்றன. இதைத் திருத்தவே முடியாதா?

பதில்: முடியும் ஐயா, திருத்தத் தகுதியானவர்களும் உங்களைப் போன்றவர்களே. தமிழில் ஒரே ககரம் ‘பக்கம்’ என்பதில் ஒருவிதமாகவும், ‘சங்கம்’ என்பதில் வேறுவிதமாகவும், ‘அகம்’ என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. இரட்டித்து வந்தால் வல்லோசை, மெல்லினத்தை அடுத்தால் மெலிந்த ஓசை என்று இவற்றை விதிகளாக எழுதிவிடலாம். சிக்கல் சொல்லின் முதலெழுத்தில்தான் வருகிறது. ‘பல்’, ‘பஸ்’ இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ‘கடல்’, ‘காந்தி’ இரண்டும் அப்படியே. எந்த ஒலி என்று எழுத்தை மட்டும் பார்த்து எந்த விதியாலும் சொல்ல முடியாது. ஆகவே ஈஸ்பீக்கில் ஒவ்வொரு மொழிக்கும் விதிக்கோப்பு ஒன்றும், விதிக்கு அடங்காத சொற்களுக்கான பட்டியல் ஒன்றும் இருக்கின்றன. இவை இரண்டும் வெறும் உரைக்கோப்புகள். நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு சொல்லைச் சேர்த்து, மீண்டும் தொகுத்து, உடனே காதால் கேட்டுப் பார்க்கலாம்.

பிறழும் சொற்களை வகுப்பறையில் கேட்டபடியே குறித்துவைத்து, ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தில் வைத்து ஈஸ்பீக் குழுவுக்கு அனுப்புங்கள். தனிச் சொல்லாகச் சரியாக ஒலிப்பது வாக்கியத்தில் மாறிப்போவதுண்டு.

இயல்பான மனிதக் குரல்கள் வந்தபிறகும் ஈஸ்பீக் எதற்கு என்று பார்வையுள்ள நண்பர்கள் கேட்பார்கள். பதிவுசெய்த குரலைக் கொண்டு அல்லாமல் ஒலியைக் கணக்கிட்டு உருவாக்குவதால், அது சிறிய கோப்பாக இருக்கிறது, விசையை அழுத்திய உடனே பேசுகிறது, மிக வேகமாக ஓடவிட்டாலும் சொல் தெளிவாகக் கேட்கிறது. நாள் முழுவதும் கேட்டு வேலை செய்பவருக்கு இனிமையைவிட இவையே பெரிது.

கேள்வி (உசிலம்பட்டி, டிடிபி நிலையம்): நான் தட்டச்சு செய்து கொடுத்த பிடிஎஃப் கோப்பைத் திரைவாசிப்பான் ஏதோ ஆங்கில எழுத்துகளாக வாசிப்பதாக வாடிக்கையாளர் சொல்கிறார். காரணம் என்ன?

பதில்: நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அதில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், கோப்பினுள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கிலக் குறிகளே. திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கெனத் தனி இடம் இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010இலேயே யூனிகோடை ஏற்று அரசாணை வெளியிட்டது. பழைய கோப்புகளைக் கட்டற்ற எழுத்துருமாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிய பின், தலைப்புகளைத் தலைப்புப் பாணியிலேயே அமைத்து, ‘குறிச்சொல்லிட்ட பிடிஎஃப்’ (தலைப்பு, பத்தி போன்ற அமைப்பு விவரங்களும் உள்ளடங்கிய பிடிஎஃப்) ஆக ஏற்றுமதி செய்யுங்கள். படமாக வருடிய பக்கங்களுக்கு, படத்திலுள்ள எழுத்துகளை உரையாக மாற்றும் டெசராக்ட் என்னும் மென்பொருள் தமிழிலும் இயங்குகிறது. ஆனால் அதன் வெளியீட்டை ஒருவர் படித்துத் திருத்தியே தர வேண்டும்.

கேள்வி (அண்ணா நகர், தன்னார்வலர்): தமிழ் உரையைப் பிரெய்லாக மாற்றக் கட்டற்ற மென்பொருள் உண்டா?

பதில்: உண்டு. லிப்லூயி என்னும் நிரலகத்தில் தமிழுக்கான அட்டவணை இருக்கிறது. என்விடிஏவும் அதையே பயன்படுத்துகிறது. அட்டவணையைச் சோதிக்கும்போது ‘கெ’ போன்ற எழுத்துகளைக் கவனியுங்கள்: அச்சில் கொம்பு இடப்பக்கம் நிற்கும், இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் ககரத்துக்குப் பின்னர்தான் எகரம் வரும்.

கேள்வி (திருப்பரங்குன்றம், செயலி உருவாக்குநர்): எங்கள் பயணச்சீட்டுச் செயலியில் எல்லாப் பொத்தான்களும் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்றே ஒலிக்கின்றன. சிறிய நிறுவனம், இதற்கெனத் தனிச் செலவு செய்ய இயலாது.

பதில்: செலவே இல்லை. ஒவ்வொரு பொத்தானுக்கும் விளக்கப் பெயர் ஒன்றை நிரலில் சேர்த்தால் போதும். இருக்கை வரைபடத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டால் ‘12, ஜன்னலோரம், காலியாக உள்ளது’ என்று ஒலிக்க வேண்டும். வண்ணத்தை மட்டும் வைத்து காலி என்று காட்டினால் அது பார்வையற்றவருக்கு எட்டாது. ஆண்ட்ராய்டு கைபேசியின் திரைவாசிப்பானான டாக்பேக்கை இயக்கி, திரையை அணைத்துவிட்டு, மாட்டுத்தாவணியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு சீட்டு எடுக்க முயலுங்கள். எங்கே தடைபடுகிறீர்களோ அதை முதலில் சரிசெய்யுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதனை உரிமையாகவே வைத்திருக்கிறது. தயவு என்று எண்ணிச் செய்ய வேண்டாம்.

கேள்வி (வாடிப்பட்டி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பார்வையற்ற மாணவர்): நானும் நிரல் எழுதிப் பங்களிக்க முடியுமா சார்? பைத்தானில் வரியின் உள்தள்ளல் தவறினால் நிரலே ஓடாது என்கிறார்களே.

பதில்: நிச்சயமாக முடியும் தம்பி. என்விடிஏ அமைப்புகளில், ஆவண வடிவமைப்புப் பகுதியில், வரி உள்தள்ளலைப் பேச்சாகவோ ஒலிச்சுரமாகவோ அறிவிக்கும் வசதி இருக்கிறது. சுரத்தைத் தேர்ந்தெடுங்கள், சில நாள்களில் காது பழகிவிடும். முதல் பங்களிப்பு நிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளில் தடுமாறும் ஓரிடத்தை எடுத்து, எந்த விசைகளை எந்த வரிசையில் அழுத்தினீர்கள், என்ன ஒலிக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன ஒலித்தது, என்விடிஏவின் எந்தப் பதிப்பு என்று எழுதி, பதிவேட்டையும் (என்விடிஏ தன் செயல்பாடுகளைக் குறித்துவைக்கும் கோப்பு) இணைத்து என்விடிஏ குழுவுக்கு அனுப்புங்கள். என்விடிஏ விசையுடன் (வழக்கமாக இன்சர்ட் விசை) எஃப்1 அழுத்தினால் பதிவேடு திறக்கும். அனுப்புமுன் அதை ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். நீங்கள் தட்டச்சு செய்த சொந்த விவரங்கள் அதில் இருக்கக்கூடும்.