வேப்பெண்ணெய் ஊற்றியும் கொசுப்புழு சாகலியே!

கேள்வி: அண்ணாச்சி, சேரன்மகாதேவிப் பக்கம் ரெண்டு கறவை மாடு வச்சிருக்கேன். போன மாசம் மகனுக்கு டெங்கு. தொழுவத்துத் தண்ணித் தொட்டி, மூத்திரக் குழி ரெண்டுலயும் புழு நெளியுது. கடைக்காரர் சொன்னபடி தொட்டியில 100 மில்லி வேப்பெண்ணெய் ஊத்துனேன். மறுநாளும் புழு துள்ளுது, மாடு வாய் வைக்க மாட்டேங்கு. எந்தக் கம்பெனி எண்ணெய் நல்லது?

பதில்: தம்பி, கம்பெனி இருக்கட்டும். மாடு குடிக்கிற தொட்டிக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது அந்த நல்ல தண்ணீரில்தான். குழியில் இருப்பது பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரில் வளரும் க்யூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு. வாரம் ஒருநாள் தொட்டியை வடித்து, தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலும் கீழும் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். கசகசாவிலும் பொடியாக, கறுப்பாக முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேய்க்காமல் நிரப்பினால் மறுபடி பொரியும். 2012-ல் டெங்குவால் கடையநல்லூர் பட்ட பாடு நம் பக்கம் யாருக்கும் மறந்திருக்காது.

வேப்பெண்ணெய் குழிக்குத்தான். அதையும் அப்படியே ஊற்றினால் ஒரு மூலையில் திட்டாக மிதக்கும். 10 கிராம் பார் சோப்பைச் சீவி ஒரு தம்ளர் வெந்நீரில் கரைத்து, 50 மில்லி எண்ணெயை அதில் விட்டு, பால் நிறம் வரும்வரை குலுக்கிய பிறகு தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். எண்ணெய் வளையம் மிதந்தால் சோப்பு போதவில்லை. ஆழத்தைப் பார்க்க வேண்டாம், பரப்புதான் கணக்கு: சதுர மீட்டருக்கு 50 மில்லி கரைசல். நீங்கள் ஒரே நாளில் கொட்டிய எண்ணெய் 40 சதுர மீட்டருக்குக் காணும்! வெயில் தாழத் தெளியுங்கள். புழுவைத் தடுக்கும் வேம்புச் சத்தான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும்.

மறுநாள் புழு துள்ளினால் பதற வேண்டாம். இது நஞ்சு போல உடனே கொல்லாது, தோலுரிக்க விடாமல் தடுக்கும். ஒரு வாரம் கழித்து வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பாருங்கள். தலை பெருத்து, கமா போல வளைந்த கூட்டுப்புழு இல்லையென்றால் மருந்து வேலை செய்கிறது. கூட்டுப்புழு எதையும் தின்னாது; ஏற்கெனவே இருப்பவை தப்பிக் கொசுவாகிவிடும். அதனால் 10 நாளில் இன்னொரு முறை.

எண்ணெய்க்கு வருவோம். கடை வாசலில் வெயில் பட அடுக்கிய பாட்டிலை வாங்காதீர்கள். அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அச்சிடாத சரக்கு விளக்கெரிக்கத்தான் ஆகும். 'கசப்பா இருக்குல்லா' என்பதெல்லாம் கடைக்காரர் பேச்சு. ஆனி, ஆடியில் உதிரும் வேப்பமுத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் மட்டும் உலர்த்திச் சாக்கில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். உடைத்தால் உள்ளே கறுத்திருப்பதைத் தள்ளிவிட்டு, மற்றதைச் செக்கில் கொடுத்து ஆட்டுங்கள். கசப்பில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கிவிடும். அதைச் செக்குக்காரருக்கு விட்டுவிடாமல் வயலுக்கு எடுத்து வாருங்கள்.

சாயங்கால நொச்சிப் புகை க்யூலெக்ஸைக் கொஞ்சம் விரட்டும். பகலில் கடிக்கிற ஏடிஸுக்கு அது எதற்கு? குழித் தண்ணீர் மீன் குட்டைக்கு வடியுமானால் இந்தக் கரைசலே வேண்டாம், குட்டைக்குக் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் போதும்.