எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

திரைப்பட ஆய்வில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம் என்று இருக்கிறேன். பத்து வருடமாக நாளுக்கு ஒரு படமாவது பார்க்கிறேன். ‘படம் பார்க்க ஒரு டாக்டர் பட்டமா?’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள். விமர்சனத்துக்கும் ஆய்வுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? இதைக் கற்பிப்பவர் நீங்கள், சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

சிரிக்கட்டும். நான் மடிக்கணினியில் படம் ஓடவிட்டால் என் வீட்டிலும் இன்றுவரை ‘வேலையா, பொழுதுபோக்கா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

பத்து வருடம் பார்த்தது வீண்போகாது. ஆனால் ஆய்வில் முதலில் கேட்பது, நீங்கள் பார்த்தது எந்தப் பிரதி என்பதை.

அமெரிக்க இயக்குநர் எட்வின் போர்ட்டரின் ‘லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்’ 1903இல் வந்த சில நிமிடப் படம். தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒரு தாயையும் குழந்தையையும் மீட்கிறார்கள். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருந்த பிரதியில், காட்சி வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி வெட்டப்பட்டிருந்தது. அதை நம்பி, இந்தப் படத்தொகுப்பு உத்தியின் முன்னோடி போர்ட்டர்தான் என்று வரலாறு எழுதிவிட்டார்கள்.

இன்னொரு பிரதி அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் இருந்தது. 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமாவுக்குத் தனி இடம் கிடையாது. அதனால் பல தயாரிப்பாளர்கள் படத்தைக் காகிதச் சுருளில் அச்சிட்டு, புகைப்படம் என்று கணக்குக் காட்டிப் பதிவு செய்தார்கள். அந்தக் காகிதப் பிரதியில் மீட்பு முழுவதும் அறைக்குள்ளிருந்து நடக்கிறது. அப்புறம் அதே மீட்பு, ஆரம்பத்திலிருந்து, தெருவில் நின்று பார்ப்பதுபோல இன்னொரு முறை! மாறி மாறி வெட்டியது பின்னாளில் யாரோ கைவைத்த வேலை.

நமக்குப் பிழையாகத் தெரிகிற இந்தத் திரும்பச் சொல்லல் அன்றைய பார்வையாளரை ஏன் உறுத்தவில்லை? விமர்சனம் இந்தக் கேள்விக்குள் போகவேண்டிய கட்டாயமில்லை, நாம் போயாக வேண்டும். 1978இல் திரைப்பட ஆவணக் காப்பகக்காரர்களும் ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் கூடி, 1900 முதல் 1906 வரையிலான கதைப்படங்களை நூற்றுக்கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். தொடக்ககாலச் சினிமா பற்றிய எழுத்தே அதற்குப் பிறகு மாறிப்போனது.

வகுப்பில் நான் செய்வது இதன் சின்ன வடிவம். மூன்று நிமிடக் காட்சி ஒன்றைப் போடுவேன். ‘சூப்பர்’, ‘மொக்கை’ இரண்டுக்கும் தடை. கேமரா எங்கே நின்றது, எப்போது வெட்டியது, யார் குரல் கேட்டது, இவ்வளவுதான் எழுத வேண்டும். ஒருமுறை பாதிப் பேர் நடிகரின் கண்ணில் நீர் வழிந்ததாக எழுதியிருந்தார்கள். அந்த மனிதர் காட்சி முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர். (எனக்கும் அந்தக் கண்ணீர் ஞாபகம் இருந்தது. வகுப்புக்கு முன் மறுபடி பார்த்ததால் தப்பித்தேன்.)

சரி, உங்களுக்கு ஒரு வேலை. உங்களுக்கு மிகப் பிடித்த படத்தில் பத்து நிமிடத்தை எடுத்து, ஷாட் ஷாட்டாக எழுதிப் பாருங்கள். மூன்றாம் நாளும் அலுக்கவில்லை என்றால் நெறியாளரைத் தேடத் தொடங்கலாம்.