கோல்டன் பெர்ரி: கொடுக்கும் விலைக்குத் தகுமா?

கேள்வி: இணைய அங்காடிகளில் உலர்ந்த கோல்டன் பெர்ரியை, வைட்டமின் சி நிறைந்த அபூர்வப் பழம் என்று சொல்லி அதிக விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: புளிப்பும் இனிப்பும் கலந்த அதன் சுவைக்காகத் தாராளமாக வாங்கலாம், வைட்டமின் சி ஒன்றை மட்டும் கருதி வாங்க வேண்டியதில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்டு, இன்று கொலம்பியாவிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகும் இப்பழம் தக்காளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வயலோரங்களில் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய உறவு. 100 கிராம் புதிய பழத்தில் வைட்டமின் சி ஏறத்தாழ 11 மில்லிகிராம்தான் உள்ளது. அதே அளவு கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. உலர்த்தும்போது இந்த வைட்டமின் மேலும் குறைந்து, சர்க்கரை செறிவடைகிறது. மஞ்சள் நிறத்தைத் தரும் கரோட்டினாய்டுகள், நியாசின் என்னும் வைட்டமின் பி3, விதையோடு உண்பதால் கிடைக்கும் நார்ச்சத்து ஆகியவையே இதன் உண்மையான பலம்.

உலர்பழம் வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தை அவசியம் படியுங்கள். உட்பொருள் பட்டியலில் பழம் மட்டுமே இருப்பது நல்லது. சர்க்கரையோ 220 என்ற எண்ணுடைய சல்பர் டையாக்சைடு என்னும் பதப்பொருளோ சேர்க்கப்பட்டிருந்தால், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நலம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இல்லாத பொட்டலத்தைத் தொடவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், புதிய பழமே மேல். வட இந்தியச் சந்தைகளில் குளிர்காலத்தின் முடிவில் ரசபரி என்ற பெயரில் வரும். பழத்தை மூடியிருக்கும் காகிதம் போன்ற மேலுறை காய்ந்து வைக்கோல் நிறத்திலும், உள்ளே பழம் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவும் இருக்க வேண்டும். உறை ஈரமாகவோ கறுத்தோ இருந்தால் பூஞ்சை பிடித்திருக்கக்கூடும். உறையைப் பிரிக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. உண்ணும் முன் உறையை நீக்கி, பழத்தின் மேல் உள்ள பிசுபிசுப்பு போகக் கழுவுங்கள். அப்படியே உண்ணலாம், தயிர்ப் பச்சடியில் நறுக்கிப் போடலாம், பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்துத் துவையலாகவும் அரைக்கலாம். பெக்டின் மிகுந்த பழம் என்பதால் ஜாம் எளிதில் இறுகும்.

கேள்வி: சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: நன்கு பழுத்ததைக் கொடுக்கலாம். தொண்டையில் சிக்காதபடி நான்காக நறுக்கிக் கொடுங்கள். பச்சைக் காயில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் அதை யாரும் உண்ணக் கூடாது. தக்காளி ஒவ்வாத குழந்தை என்றால் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.