கேத்தில் வெள்ளை, சட்டிக் கரி, கோப்பை மஞ்சள்: வன்னி வீடுகளுக்கான கேள்வி-பதில்

கேள்வி (கிளிநொச்சி): எங்கள் வீட்டில் குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான். கேத்திலுக்குள் வெள்ளைப் படை தடித்துப் போய்விட்டது. வினாகிரியும் அப்பச்சோடாவும் சேர்த்து ஊற்றினால் கழரும் என்றார்கள். பொங்கி நுரைத்தது, படை அப்படியே கிடக்கிறது. எங்கே பிழை?

பதில்: உங்கள் கையில் பிழை இல்லை, செய்முறையில்தான் பிழை. வினாகிரி அமிலம், அப்பச்சோடா காரம். சேர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, 4 வீத வினாகிரியில் ஏறத்தாழ 90 மில்லிலீற்றரை முடித்துவிடும்; மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். நுரை பார்க்க வேலை செய்வது போலத்தான் இருக்கும்.

வன்னிக் கிணறுகள் பலவற்றில் வருவது வன்னீர், அதாவது கல்சியம் போன்றவை அதிகம் கரைந்த தண்ணீர். கொதிக்கும்போது அதில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, கல்சியம் காபனேற்றாகி அடியில் ஒட்டுகிறது. பெயரை விட்டுவிட்டால் அது சுண்ணக்கல்தான். சுண்ணக்கல்லைக் கரைக்கப் புளிப்பு வேண்டும், அதுவும் தனியாக. பாதி வினாகிரி, பாதி தண்ணீர் கலந்து படை மூழ்கும் அளவுக்கு ஊற்றி, கை பொறுக்காத சூடு வந்ததும் நிறுத்தி ஒரு மணித்தியாலம் விடுங்கள். தென்னை வினாகிரியை இதில் வீணாக்க வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் நிறமற்ற செயற்கை வினாகிரி போதும்.

இதைவிடச் சிக்கனமானது கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் சிற்றிக் அசிட் தூள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 கிராம், அதாவது ஒன்றரை மேசைக்கரண்டி. வாசமில்லை, அரை மணியில் வேலை முடியும். ஆனால் கொதிக்க விடாதீர்கள். கொதித்தால் கல்சியம் சித்திரேற்று என்ற வேறொரு வெள்ளைப் படிவு விழும். ஒன்றைக் கழற்றப் போய் இன்னொன்றை ஒட்டின கதையாகும். தேசிக்காயிலும் அதே அமிலம்தான். ஆனால் 20 கிராமுக்குப் பத்துப் பன்னிரண்டு காய் பிழிய வேண்டும், தேசிக்காய் விலை ஏறிய நாளில் கணக்குச் சரிவராது. அலுமினியக் கேத்திலென்றால் இரவு முழுக்க ஊறவிடக் கூடாது, அமிலம் உலோகத்தையும் அரிக்கும். கழுவிய பிறகு ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றிவிடுங்கள்.

கேத்தில் பளபளப்பதால் தண்ணீர் நல்லதாகிவிடாது. உவரும் புளோரைட்டும் கொதிக்கவைத்தாலும் போகாது.

கேள்வி (மல்லாவி): மலசலகூடக் கோப்பையில் மஞ்சளும் மண்ணிறமுமாகக் கறை. கடைப் போத்தல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. பிளீச் ஊற்றிப் பார்த்தோம், இன்னும் மோசமானது போல இருக்கிறது.

பதில்: அது இரும்புக் கறையாக இருக்கலாம். பிளீச் இரும்பை ஒட்சியேற்றி நிறத்தை இறுக்கிவிடும், அதனால்தான் மோசமானது. கடையில் விற்கும் கோப்பை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. கறையைக் கரைப்பது அதுதான். சிற்றிக் அசிட் மெதுவாகச் செய்யும், ஆனால் சுண்ணக்கல், துரு இரண்டையும் எடுக்கும்.

முதலில் வெறும் தண்ணீரால் பலமுறை அலசி, முன்பு ஊற்றிய பிளீச்சின் வாசம் இல்லாமற் போகும்வரை விடுங்கள். இதைத் தவறவிட வேண்டாம்; பிளீச்சும் எந்த அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்ன மலசலகூடத்துக்குள் அது நெஞ்சைப் பிடிக்கும். பிறகு வளைவில் நிற்கும் தண்ணீரைக் கோலி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அமிலம் நீர்த்துப்போகும். மூன்று மேசைக்கரண்டித் தூளை அரை லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், பீங்கான் வெடிக்கும். சரிவான இடத்தில் நிற்காமல் வழிந்தால் பழைய துணியை அதில் தோய்த்துக் கறைமேல் போர்த்துவிடலாம். இரவு விட்டுக் காலையில் தும்புத் தூரிகையால் தேயுங்கள். வருடக்கணக்கில் படிந்ததென்றால் மூன்று நான்கு இரவு எடுக்கும். கம்பியால் சுரண்டினால் மினுக்கம் போய், அடுத்த கறை இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

கேள்வி (நெடுங்கேணி): விறகடுப்புத்தான். சட்டி வெளியே கரி, உள்ளே அடிப்பிடிப்பு, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. சாம்பல் போதுமா?

பதில்: பெரும்பாலும் போதும். எண்ணெய்க்குக் காரம் வேண்டும். விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று இருக்கிறது. ஈரமாக எண்ணெயில் பட்டால் அது சற்றே சவர்க்காரமாகிறது, கூடவே தேய்த்தும் கொடுக்கிறது. ஆனால் அரித்தெடுத்துப் பாவியுங்கள். உமிச் சாம்பலும் வன்னியில் தாராளமாகக் கிடைக்கும். சிலிக்கா அதிகம் உள்ளதால் இரும்பிலும் மண்சட்டியிலும் நன்றாகத் தேய்க்கும், சில்வரிலும் கண்ணாடியிலும் கீறும். பொலித்தீனும் பிளாஸ்ரிக்கும் எரித்த குப்பைச் சாம்பல் சமையல் பாத்திரத்தில் படவே கூடாது.

கரியைத் தேய்ப்பதைவிட ஒட்டாமல் பார்ப்பது சுலபம். அடுப்பில் வைக்குமுன் சட்டியின் வெளிப்புறத்தில் ஈரச் சவர்க்காரத்தை மெல்லிசாகப் பூசிவிடுங்கள், அல்லது சாம்பலைக் குழைத்துப் பூசுங்கள். கரி அந்தப் பூச்சின்மேல் படியும், தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து கழரும்.

அடிப்பிடித்த சில்வர்ச் சட்டிக்கு இரண்டு கோப்பை தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவையுங்கள். அலுமினியச் சட்டிக்கு இது ஆகாது, கறுத்துவிடும். அதற்குப் பழப்புளி கரைத்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டால் நிறமும் திரும்பும். கடையில் பேக்கிங் பவுடரை எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள்; அதில் அமிலமும் மாவும் ஏற்கனவே கலந்திருக்கிறது, கேக்குக்கு நல்லது, சட்டிக்கு உதவாது.

சுவர்ப் பிசுக்குக்கு அப்பச்சோடாவின் காரம் காணாது, சலவைச் சோடா வேண்டும். கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். ஈரமில்லாத இரும்புத் தாச்சியில் அப்பச்சோடாவை மிதமான சூட்டில் கிளறுங்கள். வாயு வெளியேறும்வரை தூள் தண்ணீர் போலத் தளதளக்கும். அது அடங்கினால் ஆயத்தம். 100 கிராம் போட்டால் 63 கிராம் அளவில் மிஞ்சும். ஒரு லீற்றர் சுடுநீருக்கு ஒரு மேசைக்கரண்டி, கையுறையோடு. இதையே உடுப்பு ஊறவைக்கும் வாளியில் முதலில் கரைத்தால் வன்னீரின் கல்சியம் அடங்கி, சவர்க்காரம் திரையாமல் நுரைக்கும். சவர்க்காரச் செலவு குறைவது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி (செட்டிகுளம்): பினோயிலுக்குப் பதிலாக வினாகிரி கலந்து மாபிள் துடைக்கலாமா?

பதில்: நம் ஊரில் டைலையும் மாபிள் என்றுதான் சொல்கிறோம், சிக்கல் அதில்தான். மினுக்கிய பீங்கான் டைல் என்றால் 5 லீற்றர் தண்ணீருக்கு 100 மில்லிலீற்றர் வினாகிரி, வன்னீர் விட்டுப்போகும் வெள்ளை மூட்டமும் போகும். உண்மையான பளிங்குக் கல்லோ, ரெறாசோவோ (சிமெந்தில் கல்துண்டு பதித்து மினுக்கிய தரை), சிவப்புச் சிமெந்தோ என்றால் ஒரு துளியும் வேண்டாம்; அவற்றிலும் கல்சியம் காபனேற்றோ சிமெந்தோதான், அமிலம் அரித்து மினுக்கத்தைக் கொண்டுபோகும். அவற்றுக்கு அரை வாளித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். எறும்பு வரிசையையும் அதே தண்ணீரால் துடைத்தால் வழித்தடம் அழிந்துபோகும்.

குத்துவிளக்குக்கு மட்டும் பழைய பழக்கம்தான் சரி: பழப்புளி, உப்பு, இரண்டு நிமிடம், உடனே கழுவித் துவாயால் ஈரம் போகத் துடைப்பது. ஈரத்தோடு விட்டால் பச்சை பிடிக்கும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வந்து போனது. இரசாயனம் இல்லாமல் வேப்பிலைத் தண்ணீரால் கழுவினால் கிருமி சாகுமா?

பதில்: நம்ப வேண்டாம். வேப்பிலையும் வினாகிரியும் தேசிக்காயும் மலக்குழித் தண்ணீர் கலந்த வெள்ளத்துக்கு ஈடாகாது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் ஆனையிறவு உப்பிலிருந்து செய்த அதே குளோரின்தான், பிளீச் வடிவில், இங்கே வேண்டும். முதலில் சேற்றைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். அழுக்கிருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு 5 வீத பிளீச் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் கலந்து பூசிப் பத்து நிமிடம் ஈரமாக விடுங்கள். யன்னல் திறந்திருக்கட்டும். கலந்ததை மறுநாளைக்கு வைக்க வேண்டாம், வலு போய்விடும். கிணற்றுக்கு நீங்களாக அளவு போடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (மாங்குளம்): மோட்டார் சைக்கிளில் வருபவர் பழைய சோடாப் போத்தலில் ‘இயற்கைக் கழுவுதிரவம்’ விற்கிறார். அரைவிலை. வாங்கலாமா?

பதில்: லேபல் இல்லாவிட்டால் வேண்டாம். ‘இயற்கை’ என்ற சொல்லுக்குள் கோஸ்ரிக் சோடாவும் இருக்கலாம், அமிலமும் இருக்கலாம். சோடாப் போத்தலென்றால் பிள்ளை குடிக்கும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் தடவை சுடும். 1990 அம்புலன்சுக்கு அழைத்து, போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உற்பத்தியாளர் பெயர், முகவரி, திகதி, விலை எதுவும் இல்லாத பொருளைக் கடையில் கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் முறையிடலாம். வாங்கியாகிவிட்டதென்றால் கிணற்றடியில் ஊற்றாமல், ‘நஞ்சு’ என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.