வாசகர் கேள்வி–பதில்: பேஸ்பாலின் வதந்திக் காலம்

கேள்வி: 2023 டிசம்பரில் ஜப்பானிய நட்சத்திர வீரர் ஷோஹெய் ஒட்டானி எங்கள் டொரண்டோ ப்ளூ ஜேஸ் அணிக்கு வரப்போகிறார் என்று ஊரே நம்பியது, கடைசியில் ஏமாந்தோம். இப்படிப்பட்ட செய்திகள் எங்கிருந்து கிளம்புகின்றன? எதை நம்புவது?
– ஸ்கார்பரோ வாசகர், டொரண்டோ

பதில்: டிசம்பர் 8 அன்று தெற்கு கலிபோர்னியாவிலிருந்து டொரண்டோவுக்குப் பறந்த ஒரு தனியார் விமானத்தை ரசிகர்கள் இணையத்தில் நொடிக்கு நொடி பின்தொடர்ந்தார்கள். அதிலிருந்து இறங்கியவரோ கனடா தொழிலதிபர் ராபர்ட் ஹெர்ஜாவெக். மறுநாளே ஒட்டானி, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலருக்குச் சேர்வதாகத் தாமே அறிவித்துவிட்டார். அந்தத் தொகையில் 68 கோடி டாலர் 2034 முதல்தான் அவர் கைக்கு வரும் என்பது தனிக்கதை.

வட அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் அமைப்பான மேஜர் லீகில் ஐபிஎல் போலப் பொது ஏலம் கிடையாது. ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில் இருக்கும் ஃப்ரீ ஏஜென்டின் முகவரோடு ஒவ்வொரு அணியும் தனித்தனியே பேசுகிறது. பக்கத்து அணி எவ்வளவு தர முன்வந்திருக்கிறது என்பது மற்ற அணிகளுக்குத் தெரியாது, முகவருக்கு மட்டுமே தெரியும். 'இன்னோர் அணியும் களத்தில் இருக்கிறது' என்று நிருபர் ஒருவரின் காதில் போட்டுவைத்தால், அது உண்மையோ இல்லையோ, விலை ஏற வாய்ப்பு உண்டு. பெயர் சொல்லப்படாத அந்த 'மர்ம அணி' ஆண்டுதோறும் டிசம்பரில் தவறாமல் வந்து போகிறது. அணிகளும் சளைத்தவை அல்ல. 'நாங்கள் முயன்றோம், அவர்தான் வரவில்லை' என்று சொந்த ரசிகர்களைச் சமாதானப்படுத்துவதற்காகவே சில செய்திகள் அங்கிருந்து கசிகின்றன. எனவே ஒரு வதந்தியைப் படித்ததும், அது வெளிவருவதால் யாருக்கு ஆதாயம் என்று பாருங்கள்.

தொகையும் ஆண்டுகளும் சேர்ந்து வெளிவந்தால் ஓரளவு நம்பலாம்; அப்போதும் மருத்துவப் பரிசோதனை பாக்கி இருக்கிறது. 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரேயா என்ற வீரர் சான் பிரான்சிஸ்கோ அணியுடன் 35 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டார். பரிசோதனைக்குப் பின் அணி தயங்கியது. அடுத்து நியூ யார்க் மெட்ஸுடன் 31.5 கோடிக்குப் பேசி முடித்தார். அதுவும் அதே காரணத்தால் நின்றது. கடைசியில் ஜனவரியில் மினசோட்டா அவரை 6 ஆண்டுகளுக்கு 20 கோடிக்கு எடுத்துக்கொண்டது.

கேள்வி: பந்தை எறியும் பிட்சர்களின் முழங்கை எப்போது வேண்டுமானாலும் பழுதாகலாம் என்கிறார்கள். அப்படியிருக்க அவர்களுக்கு 7 ஆண்டு, 12 ஆண்டு என்று ஒப்பந்தம் கொடுப்பது எந்தக் கணக்கில்?
– சென்னை வாசகர்

பதில்: மேஜர் லீகில் 6 ஆண்டுகள் பணியாற்றிய பிறகுதான் ஒரு வீரர் பொதுவாக ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியும். பெரும்பாலான பிட்சர்கள் சந்தைக்கு வரும்போது வயது முப்பதை நெருங்கியிருக்கும். கையின் வலுவான ஆண்டுகளைப் பழைய அணி குறைந்த சம்பளத்தில் அனுபவித்திருக்கும். புதிய அணி விலை கொடுப்பது பெரும்பாலும் சரிவு தொடங்கும் ஆண்டுகளுக்கே. இந்த ஒப்பந்தங்களில் சம்பளம் உறுதி செய்யப்பட்டது என்பதால், வீரர் காயமுற்றாலும் பணம் நிற்காது.

மேஜர் லீகின் இறுதிச் சுற்றான உலகத் தொடரில் 2019இன் சிறந்த வீரரான ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்குக்கு வாஷிங்டன் 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தது. அதன் பின் அவர் ஆடியது 8 ஆட்டங்கள் மட்டுமே. டெக்ஸஸ் அணி 18.5 கோடிக்கு எடுத்த ஜேக்கப் டிகிராம், 2023இல் 6 ஆட்டங்களில் எறிந்துவிட்டு முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சைக்குப் போனார். உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாரை முழங்கையில் பொருத்தும் இந்தச் சிகிச்சையை 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்ததால், அந்த பிட்சரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. குணமாகித் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகலாம்.

இவ்வளவும் தெரிந்தே அணிகள் ஆண்டுகளை நீட்டுகின்றன. சம்பளச் செலவு வரம்பைத் தாண்டும் அணிக்கு விதிக்கப்படும் வரி, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதே தொகையைக் கூடுதல் ஆண்டுகளில் பரப்பினால் சராசரி இறங்கும், வரிச்சுமையும் குறையும். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகள் வீண் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டுதான் பல அணிகள் கையெழுத்திடுகின்றன என்பது என் எண்ணம்.

சில நேரங்களில் பந்தயம் பலிக்கிறது. மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறிந்திராத ஜப்பானியர் யோஷினோபு யமமோட்டோவுக்கு டாட்ஜர்ஸ் 12 ஆண்டுகளுக்கு 32.5 கோடி டாலர் கொடுத்தபோது பலர் சிரித்தார்கள். அப்போது அவருக்கு வயது 25. சந்தைக்கு வரும் பிட்சர்களில் அது அபூர்வமான இளமை. 2025 உலகத் தொடரில் மூன்று வெற்றிகளைப் பெற்றுச் சிறந்த வீரரானவர் அவரே. தோற்ற அணி டொரண்டோ என்பதை ஸ்கார்பரோ வாசகர் மன்னிப்பாராக.

கேள்வி: விரும்பிய அணிக்குப் போகும் உரிமை வீரர்களுக்கு எப்போது கிடைத்தது?
– கோவை வாசகர்

பதில்: பெற்றுத் தந்தவர்கள் இரண்டு பிட்சர்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரை அணி ஓராண்டு புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற பழைய விதியை, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்று உரிமையாளர்கள் பொருள் கொண்டிருந்தார்கள். ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி இருவரும் 1975 பருவத்துக்குக் கையெழுத்திடாமல் இருந்து வழக்காடினர். தகராறை விசாரித்த மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் அந்த டிசம்பர் 23 அன்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். உரிமையாளர்கள் உடனே அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பு நின்றது. 6 ஆண்டு விதி அதன் பிறகு 1976இல் நடந்த பேச்சுவார்த்தையில் வந்தது.

கேள்வி: பிப்ரவரி வரை ஒரு பிட்சர் அணியில்லாமல் இருந்தால் அவரிடம் குறை இருக்கிறது என்று பொருளா?
– எடிசன் வாசகர், நியூ ஜெர்சி

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 2023இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்ற பிளேக் ஸ்னெல், கேட்ட விலை கிடைக்காமல் 2024 மார்ச் வரை காத்திருந்து, சான் பிரான்சிஸ்கோவுடன் 2 ஆண்டுகளுக்கு 6.2 கோடி டாலரில் கையெழுத்திட்டார். முதல் ஆண்டு முடிந்ததும் விலகும் உரிமையை அதில் சேர்த்திருந்தார். அதைப் பயன்படுத்தி அந்த நவம்பரிலேயே மீண்டும் சந்தைக்கு வந்து, டாட்ஜர்ஸிடம் 5 ஆண்டுகளுக்கு 18.2 கோடி பெற்றார்.