எந்தத் திட்டத்துக்கு என் கணினி?

அன்புள்ள ஐயா,

தன்னார்வக் கணிமை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் ஆறு மாதமாக என் மேசைக் கணினியை ஆய்வுகளுக்குக் கொடுத்துவருகிறேன். வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை ஆய்வுத் திட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாயிங்க் மென்பொருளில், பல்சர் விண்மீன்களைத் தேடும் ஐன்ஸ்டீன் அட் ஹோம், மருத்துவம் போன்ற பொதுநல ஆய்வுகளுக்கான வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் இரண்டும் ஓடுகின்றன. புரதங்களை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் தனியாக ஓடுகிறது. முடித்த வேலைக்கு மூன்றும் தரும் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. கம்யூனிட்டி கிரிட்டுக்கு நான் செய்த அதே வேலையை மென்பொருள் 1,200 என்கிறது, அவர்களுடைய தளம் 8,400 என்கிறது. ஃபோல்டிங்கோ லட்சக்கணக்கில் அள்ளித் தருகிறது. அப்படியானால் என் கணினி அங்கேதான் அதிகம் பயன்படுகிறதா? மற்ற இரண்டையும் நிறுத்திவிடலாமா? நிறுத்த வேண்டாம் என்றால் மூன்றுக்கும் பங்கிடுவது எப்படி? இன்னொன்று. முடித்த வேலைகள் பல, நாள்கணக்கில் ‘சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறது’ என்றே நிற்கின்றன. அந்த உழைப்பெல்லாம் வீண்தானா?

க.

அன்புள்ள க.,

நிறுத்தாதீர்கள். புள்ளியைப் பார்த்து ஒரு ஆய்வைக் கைவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். நல்ல மனத்தோடு வந்த பலர் அப்படித்தான் திசைமாறிப் போனார்கள்.

முதலில் அந்த 8,400-ஐ 1,200-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 7 வரும். 2004-இல் ஐபிஎம் நிறுவனம் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டைத் தொடங்கியபோது அது வேறொரு மென்பொருளில் ஓடியது, தனக்கென்று ஒரு புள்ளிமுறையும் வைத்திருந்தது. பாயிங்குக்கு மாறிய பிறகும் அந்தப் பழைய கணக்கை விட்டுவிடவில்லை. பாயிங்கின் 1 புள்ளி அங்கே 7 புள்ளி. உழைப்பு ஒன்றுதான், எழுதும் நாணயம் வேறு.

பாயிங்கின் நாணயத்துக்குக் கோபிள்ஸ்டோன் என்று பெயர், வேற்றுலக உயிர்களின் சமிக்ஞைகளைத் தேடிய செட்டி அட் ஹோம் குழுவைச் சேர்ந்த ஜெஃப் காப் என்பவரின் பெயரைத் தழுவி வைத்தது. தசமப்புள்ளி எண்களில் நொடிக்கு 100 கோடி கணக்குகள் போடும் ஒரு கணினி நாள் முழுவதும் ஓடினால் 200 கோபிள்ஸ்டோன். ஏட்டளவில் இதைவிடத் தெளிவான அளவை இருக்க முடியாது. ஆனால் கணினியின் வேகம் ஒரே எண் அல்ல. வீடுகளில் இருக்கும் பல கிராஃபிக்ஸ் கார்டுகள், குறைந்த இலக்கங்களோடு போடும் ஒற்றைத் துல்லியக் கணக்கில் பறக்கும். கூடுதல் இலக்கங்கள் வேண்டும் இரட்டைத் துல்லியம் கேட்டால் அதே கார்டின் வேகம் 32-இல் ஒரு பங்காக, சிலவற்றில் 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நினைவகம் அதிகம் வேண்டும் ஆய்வுகள் உண்டு, பிராசசரில் மட்டுமே ஓடுகிற ஆய்வுகளும் உண்டு. போதாததற்கு, எந்த வேலைக்கு எத்தனை புள்ளி என்பதை அந்தந்தத் திட்டமே தன் சர்வரில் முடிவுசெய்கிறது. சில திட்டங்கள் தாராளம், சில கறார். எல்லாத் திட்டங்களின் புள்ளியையும் கூட்டிப் போடும் தரவரிசைப் பட்டியல்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். ஒரே திட்டத்துக்குள் உங்கள் இரண்டு கணினிகளை ஒப்பிடவும், போன வாரத்தை இந்த வாரத்தோடு ஒப்பிடவும் புள்ளி நன்றாக உதவும். திட்டத்தையும் திட்டத்தையும் அதை வைத்து எடைபோட முடியாது.

ஃபோல்டிங்கின் லட்சங்களுக்கு வேறொரு காரணம் உண்டு, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புரத மூலக்கூறு ஒன்று எப்படி அசைகிறது, எப்படி மடிகிறது என்பதை அவர்கள் துண்டு துண்டாகக் கணிக்கிறார்கள். உங்கள் கணினி முடித்த இடத்திலிருந்துதான் அடுத்த துண்டு தொடங்கும். நீங்கள் இரண்டு நாள் தாமதித்தால் அந்தச் சங்கிலி முழுவதும் இரண்டு நாள் நிற்கும். ஆகவே விரைந்து திருப்பித் தருபவருக்கு ஊக்கப் புள்ளி வைத்தார்கள். அந்தச் சூத்திரத்தில் ஒரு வர்க்கமூலம் இருக்கிறது. கருவியின் வேகம் இருமடங்கானால் நாளொன்றின் புள்ளி இருமடங்காவதில்லை, ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. அவசரத்துக்குக் கொடுத்த விலை அது. ஐன்ஸ்டீனில் வேலைத்துண்டுகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பதில்லை, அங்கே அந்த அவசரம் இல்லை. இந்த இரண்டு திட்டங்களின் புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது அதிகம் பயன்படுகிறது என்று எப்படித் தெரியும்?

இனிப் பங்கீடு. பாயிங்கில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ‘வளப் பங்கு’ என்று ஒரு எண் உண்டு, தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் 100. அது சதவீதம் அல்ல, விகிதம். ஒன்றுக்கு 300, மற்றதற்கு 100 என்று வைத்தால் முக்கால் பங்கு, கால் பங்கு. இன்று வைத்துவிட்டு நாளைக் காலை பார்த்தால் பிரிந்திருக்காது. மென்பொருள் இதைப் பல நாள் கணக்கில்தான் சமன்செய்கிறது, கெடு நெருங்கிய வேலை இருந்தால் பங்கை ஒதுக்கிவைத்துவிட்டு அதை முதலில் முடிக்கும். ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். 0 என்று வைத்தால் அந்தத் திட்டம் மாற்று ஆளாகிவிடும், மற்றவற்றில் வேலை இல்லாதபோது மட்டும் அங்கிருந்து எடுக்கும். 2020 மார்ச்சில் தொற்றுநோய்க்காக ஃபோல்டிங்கில் வெள்ளமாக ஆட்கள் சேர்ந்தபோது சர்வர்களால் வேலை பிரித்துக் கொடுக்க முடியவில்லை, பல்லாயிரம் கணினிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. அதே மாதக் கடைசியில் செட்டி அட் ஹோம் புது வேலை அனுப்புவதை நிறுத்தியது. மாற்றுத் திட்டம் ஒன்று வைத்திருந்தவர்களின் கணினிகள் அப்போதும் சும்மா இருக்கவில்லை.

ஃபோல்டிங் பாயிங்குக்கு வெளியே ஓடுவதால் இந்தப் பங்கு அதைக் கட்டுப்படுத்தாது. ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது. இரண்டும் எல்லாப் பிராசசர் கோர்களையும் கேட்டுக் கீழே மேலே இழுத்துக்கொண்டிருக்கும். உங்களிடம் எட்டு கோர் இருந்தால் பாயிங்கின் அமைப்பில் 50 சதவீதம் என்று வைத்து நான்கை அதற்குக் கொடுங்கள், ஃபோல்டிங்கில் மூன்று. ஒன்று உங்களுக்கு. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள், என்னைக் கேட்டால் ஃபோல்டிங்குக்கு.

நான் இதைத் தவறு செய்துதான் கற்றேன். ஆர்வத்தில் ஒரு பழைய கணினியை எட்டுத் திட்டங்களில் சேர்த்து, பத்து நாள் வேலையை முன்கூட்டியே இறக்கிவைக்கும்படி அமைத்துவிட்டேன். எட்டும் வேலையை இறக்கின. ஒருநாள் இரவு திறந்து பார்த்தால் ஒரு வேலை 91 சதவீதத்தில் நிற்கிறது, அதன் கெடு அன்று மாலையே முடிந்துபோயிருந்தது. எனக்காகக் கொடுத்து வைத்திருந்த துண்டின் நகல் வேறொருவருக்குப் போய்விட்டது. ஒரு வாரம் ஓடிய மின்சாரத்தைவிட, அந்தத் துண்டுக்காக யாரோ காத்திருந்தார்களே என்பதுதான் உறுத்தியது. அன்றிலிருந்து இரண்டு திட்டம், ஒரு மாற்று, அரை நாள் இருப்பு. அதற்கு மேல் வைப்பதில்லை.

யார் காத்திருந்தார்கள் என்று கேட்பீர்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கான பதிலும் அதுதான். திட்டத்தின் தளத்தில், காத்திருக்கும் வேலை ஒன்றைச் சொடுக்கி அதன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு வரிகள் இருக்கும். ஒன்றில் உங்கள் கணினி, ‘முடிந்தது’. இன்னொன்றில் முகம் தெரியாத ஒருவரின் கணினி, ‘நடந்துகொண்டிருக்கிறது’. வீட்டுக் கணினிகள் சூடாகிப் பிழை செய்யும், சில நேரம் யாராவது வேண்டுமென்றே பொய் விடை அனுப்புவார்கள். ஆகவே பல திட்டங்கள் ஒரே துண்டை இருவருக்குக் கொடுத்து, இரு விடைகளும் ஒத்துப்போனால்தான் ஏற்கின்றன. புள்ளியும் அப்போதுதான். 2010 ஆகஸ்டில் ஐன்ஸ்டீன் அட் ஹோம் தன் முதல் பல்சரை அறிவித்தது, நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன். அரெசிபோ வானொலித் தொலைநோக்கி 2007-இல் பதிந்த தரவில் அது ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த பெருமை இரண்டு தன்னார்வக் கணினிகளுக்குப் போனது, ஒன்று அமெரிக்காவின் அயோவாவில், மற்றது ஜெர்மனியில். இரண்டு கணினிகளும் ஒரே விடையைச் சொன்னதால்தான் அந்த விடை ஏற்கப்பட்டது. அவற்றில் ஒன்று முதலில் முடித்துவிட்டு, இன்று உங்கள் கணினி நிற்பதுபோலக் காத்து நின்றிருக்கும்.

எனவே வீண் இல்லை. அந்த இன்னொருவர் கணினியின் கெடு தேதி அதே பக்கத்தில் இருக்கும். அது கடந்தும் விடை வராவிட்டால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சர்வரே மூன்றாவது ஒருவருக்கு நகலை அனுப்பிவிடும், புதிய வரி ஒன்று அங்கே சேர்ந்திருக்கும்.

அன்புடன்.