வியட்நாமில் நகல் ஓவியம் வாங்குமுன்: காயும் நாள்களையும் கணக்கிடுங்கள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்துடன் எட்டு நாள் பயணமாக வியட்நாம் செல்கிறோம். முதல் ஐந்து நாள் ஹனோயிலும் மீதி நாள்கள் ஹோ சி மின் நகரத்திலும் தங்குகிறோம். வான்கோவின் ‘விண்மீன் இரவு’ ஓவியத்தைக் கையால் வரைந்த நகலாக, 60க்கு 90 செ.மீ. அளவில் வரவேற்பறைக்கு வாங்க நினைக்கிறோம். அச்சிட்ட படத்தைத் தந்து ஏமாற்றுவார்களா? சட்டம் போட்டே வாங்கி வரலாமா? சுங்கத்தில் சிக்கல் வருமா? ஹனோய்த் தெருக்களை வரைந்த பழைய ஓவியர்களின் ‘அசல்’ படங்களும் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே, அவற்றை நம்பலாமா? — மதுரை வாசகர்

பதில்: வெளிநாட்டிலிருந்து சுருட்டிக் கொண்டுவரப்படும் கேன்வாஸ்களை விரித்து, மரச்சட்டத்தில் இழுத்துப் பொருத்தித் தரும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், அச்சுப் படத்தை ஓவியம் என்று நம்பி ஏமாந்தவர்களைவிட, நல்ல ஓவியத்தை ஈரத்தோடு சுருட்டிக் கெடுத்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே கடையில் விலையைக் கேட்பதற்கு முன்பே, உங்கள் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

தைல வண்ணம் தண்ணீர் உலர்வதைப் போல உலர்வதில்லை. அதிலுள்ள ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாள்கள் முதல் ஓரிரு வாரம் வரை ஆகும். வான்கோவின் பாணியில் வரிவரியாகத் தடித்து நிற்கும் வண்ணம் மேலே தோல் கட்டிய பிறகும் உள்ளே மாதக்கணக்கில் இளகியே இருக்கும். நீங்கள் விரும்பும் ஓவியத்தின் அழகே அந்தத் தடித்த சுழல்களில்தான் இருக்கிறது என்பதால், ஹனோயில் இறங்கிய அன்றே வரையச் சொல்லி ஐந்தாம் நாள் வாங்கினாலும் அது சுருட்டத் தகுந்த நிலையில் இருக்காது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. கடையில் ஏற்கெனவே வரைந்து சில மாதங்களாகத் தொங்கும் நகலை வாங்கலாம். சில மணி நேரத்தில் உலரும் அக்ரிலிக் வண்ணத்தில் வரையச் சொல்லலாம். அல்லது பணம் கட்டிவிட்டு, காய்ந்த பிறகு கூரியரில் அனுப்பச் சொல்லலாம். நான் முதல் வழியையே விரும்புவேன். கூரியரில் வரும் பொருளுக்குப் பயணிகளுக்கான சுங்கச் சலுகை கிடைக்காது என்பதோடு, வரும் ஓவியம் நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்டதுதானா என்பதை வீட்டுக்கு வந்த பிறகே அறிய முடியும்.

தொங்கும் படம் காய்ந்துவிட்டதா என்பதை அறிய, கடைக்காரரின் அனுமதியோடு, ஓரத்தில் வண்ணம் தடித்திருக்கும் இடத்தில் நகத்தால் மிக மெல்ல அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

அளவைப் பற்றியும் ஒரு சொல். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள மூல ஓவியம், 1889-ல் வரையப்பட்டது, 73.7 செ.மீ. உயரமும் 92.1 செ.மீ. அகலமும் கொண்டது, அதாவது ஏறத்தாழ நான்குக்கு ஐந்து என்ற விகிதம். நீங்கள் கேட்கும் 60க்கு 90 இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். 90 செ.மீ. அகலத்துக்கு 72 செ.மீ. உயரம் தேவைப்படும் நிலையில், ஓவியர் மேலும் கீழுமாக 12 செ.மீ. வெட்டியாக வேண்டும், அல்லது படத்தைப் பக்கவாட்டில் இழுத்தாக வேண்டும். வெட்டினால் மேல்விளிம்பை எட்டி நிற்கும் சைப்ரஸ் மரத்தின் நுனி போகும். இழுத்தால் சுழல்கள் முட்டை வடிவமாகும். 60க்கு 75 என்று கேளுங்கள், எந்தச் சிக்கலும் இல்லை. ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ 180 செ.மீ. சதுரம் என்றாலும் நீள்சதுரமாக வெட்டியே பல கடைகளில் விற்கிறார்கள். அதில் பொன் ரேகுக்குப் பதிலாகப் பூசப்படும் வெண்கலப் பொடி வண்ணம் சில ஆண்டுகளில் கறுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி அச்சா, கைவேலையா என்ற கேள்வி. ஹோ சி மின் நகரில் பயணிகள் மொய்க்கும் ஃபாம் நூ லாவ், புய் வியென் பகுதிகளில் கடை வாசலிலேயே ஓவியர்கள் அமர்ந்து நகல் வரைவதைக் காணலாம். ஹனோயில் நுண்கலை அருங்காட்சியகம் அமைந்துள்ள நூயென் தாய் ஹோக் தெருவிலும் ஓவியக் கடைகள் உள்ளன. வாசலில் ஒருவர் வரைகிறார் என்பதால் உள்ளே உள்ள எல்லாமே கைவேலை என்று கொள்ள வேண்டாம். கேன்வாஸில் அச்சிட்டு, அதன்மேல் நிறமற்ற ஜெல்லைத் தூரிகையால் இழுத்து மேடு பள்ளம் காட்டும் வழக்கம் எங்கும் உண்டு. கைபேசி விளக்கைப் படத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். கைவேலையில் மேடுகள் நிறங்களின் போக்கிலேயே ஓடும், ஒரு நிறம் முடியும் இடத்தில் தூரிகைத் தடமும் முடியும். ஜெல் பூசிய அச்சில் மேடுகள் நிறத்தைப் பொருட்படுத்தாமல் வானத்திலிருந்து மரத்துக்குள்ளும் மரத்திலிருந்து வீட்டுக்கூரைக்குள்ளும் நுழைந்து செல்லும். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்றைக் கொண்டுசென்றால் இன்னும் எளிது: அச்சில் நுண்புள்ளிகள் தெரியும்.

நகலில் கையெழுத்து வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அனுமதி பெற்று நகலெடுப்பவர்கள்கூட மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. நகல் நகலாகவே அடையாளம் காணப்பட வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். கேன்வாஸின் பின்புறம் ‘வான்கோவின் ஓவியத்தைப் பார்த்து வரைந்த நகல்’ என்று எழுதச் சொல்லி, ரசீதிலும் அதையே கேட்டு வாங்குங்கள். வரைந்தவரின் பெயரையும் எழுதச் சொல்வது என் தனிப்பட்ட விருப்பம், உழைத்தவர் அவர்தானே.

‘அசல்’ பழைய ஓவியங்களைப் பொறுத்தவரை என் பதில் சுருக்கமானது: தெருக்கடையில் வாங்காதீர்கள். ஹனோய்த் தெருக்களை வரைந்து புகழ்பெற்ற புய் ஸுவான் ஃபாய் (1920–1988) பெயரில் புழங்கும் போலிகள் ஏராளம். 2016-ல் ஹோ சி மின் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் ஐரோப்பாவிலிருந்து திரும்பியவை என்ற பெயரில் வைக்கப்பட்ட 17 ஓவியங்களில் ஒன்றுகூட உரியவர் வரைந்த நம்பகமான படைப்பு அல்ல என்று அந்த அருங்காட்சியகமே அறிவிக்க நேர்ந்தது. ஹனோய் அருங்காட்சியகத்தின் கதை வேறு வகையானது: அமெரிக்கக் குண்டுவீச்சுக் காலத்தில் மூல ஓவியங்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பிவிட்டு, சுவரில் நகல்களை மாட்டினார்கள், போர் முடிந்த பிறகும் அவற்றுள் சில அங்கேயே தங்கிவிட்டன. வல்லுநர்களே தடுமாறும் சந்தையில், ஒரு மாலைப் பொழுதில் நாம் என்ன கண்டுபிடித்துவிட முடியும்? ஃபாயின் பாணியில் இன்றைய ஓவியர் ஒருவர் தம் பெயரிட்டு வரைந்த படத்தை, பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

பதிப்புரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் கவலைப்பட ஏதுமில்லை. வான்கோ 1890-ல் இறந்தவர், கிளிம்ட் 1918-ல் இறந்தவர். இவர்களது படைப்புகளை யாரும் நகலெடுக்கலாம். பிகாசோ 1973-ல் இறந்தார் என்பதால் இந்தியச் சட்டப்படி அவரது உரிமை 60 ஆண்டுகள், அதாவது 2033 இறுதி வரை, நீடிக்கும். இருந்தாலும் சொந்த வீட்டு உபயோகத்துக்காக ஒரே ஒரு பிரதி கொண்டுவருவதற்கு 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. சுங்கத்தில் ரசீதைக் காட்டத் தயாராக இருங்கள்; 2016-ம் ஆண்டு விதிகளில் 50,000 ரூபாய் என்றிருந்த தீர்வையில்லா வரம்பு திருத்தத்துக்கு உட்பட்டது என்பதால், புறப்படும் வாரத்தில் நடப்பு வரம்பைச் சுங்கத்துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரச்சட்டத்தோடு வாங்க வேண்டாம். மரமும் கண்ணாடியும் எடைதான்; மதுரையிலேயே நல்ல சட்டம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் படத்தைச் சுற்றி நான்கு புறமும் 5 செ.மீ. வெற்றுக் கேன்வாஸ் விடச் சொல்வது மிக முக்கியம், இல்லையெனில் இங்கே இழுத்துப் பொருத்தும்போது ஓவியத்தின் ஓரம் மடிந்துபோகும். சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். பெரும்பாலோர் வண்ணத்தைக் காப்பதாக எண்ணி அதை உள்ளே வைத்துச் சுருட்டுகிறார்கள். அப்போது வண்ணப் படலம் நசுங்கிச் சுருக்கம் விழுகிறது, விரித்தபின் அது மடிப்பாக உயர்ந்து நிற்கிறது. வெளிப்புறமாகச் சுருட்டினால் நுண்விரிசல் விட்டாலும் விரிக்கும்போது மூடிக்கொள்ளும். வண்ணத்தின்மேல் சிலிக்கோன் பூசிய, ஒட்டாத தாளை வையுங்கள். குமிழ் பிளாஸ்டிக்கை நேரடியாக வைத்தால் அதன் வட்ட அச்சுகள் வண்ணத்தில் பதிந்துவிடும். 15 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத, 75 செ.மீ. நீளமுள்ள குழாய் போதும். கைப்பையாக அதை அனுமதிக்க மாட்டார்கள், ஆகவே இருமுனையும் இறுக மூடிப் பெட்டிகளோடு ஒப்படையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவசரப்பட்டு விரிக்காமல், அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள், ஏனெனில் குளிர்ந்த அக்ரிலிக் விறைத்து எளிதில் வெடிக்கும்.

மழைக்காலத்தில் ஈரம் கசியும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், சுவருக்கும் படத்துக்கும் இடையே கார்க் துண்டு வைத்துக் காற்றோட்டம் விடுங்கள். பூஞ்சை பின்புறத்திலிருந்துதான் தொடங்குகிறது. தூசியை உலர்ந்த மென்தூரிகையால் தட்டினால் போதும். ஹோ சி மின் நகர அருங்காட்சியகத்தின் பெருமைக்குரிய அரக்கு ஓவியமான நூயென் யா ட்ரியின் படைப்பையே பாத்திரம் கழுவும் திரவமும் உப்புத்தாளும் கொண்டு சுத்தம் செய்து கெடுத்த செய்தி 2019-ல் வெளியாயிற்று. தைல வண்ண நகலுக்கு வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்திருக்க வேண்டும். பளபளப்பாக்கித் தருவதாகக் கடைக்காரர் அன்றே பூச முன்வந்தால், மறுத்துவிடுங்கள்.